ஈர நாய் வாடை

பபிண்டா
3 ஏப்ரல் 1996

அன்புள்ள ருபென் அண்ணா,

இந்தக் கடிதம் உனக்கு எப்போது கிடைக்கும் என்று தெரியவில்லை. கெய்ர்ன்ஸ் அலுவலகத்துக்கு அனுப்பினால் டீசல் கப்பலோடு வளைகுடாவுக்கு வந்து, அங்கிருந்து உன் இறால் படகுக்கு வந்து சேரும் என்று தபாலகத்தில் சொன்னார்கள். அவ்வளவு தூரம் வரும் கடிதத்தில் வானிலை எழுதி இடத்தை வீணாக்கப் போவதில்லை. மழை பெய்கிறது. பபிண்டாவில் வேறென்ன செய்யும்?

எஸ்கி சாப்பிடுகிறாள். முதல் இரண்டு நாள் உன் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு, வெள்ளை மூட்டை போலப் பின்பக்கத்தையும் வாலையும் மட்டும் வெளியே காட்டிக்கொண்டு கிடந்தாள். இப்போது பரவாயில்லை.

நீ கதவை அறைந்துவிட்டுப் போன அடுத்த வாரமே வீட்டுச் சோதனை. வாடகை ஏஜென்ட் மிசஸ் ஹான்ரஹன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“கோனி, என்ன இது வாடை?”

“நாய் மழையில நனைஞ்சுடுச்சு,” என்றாள் அம்மா.

“நனைஞ்ச நாயா? நாய்க்குள்ளயே வீடு கட்டின மாதிரி இருக்கே!”

பிறகு கடிதம் வந்தது. ஜூன் நடுவில் மறுபடி சோதனை. அதற்குள் நாற்றம் போகவேண்டும். இல்லையென்றால் நாய் போகவேண்டும். இரண்டும் போகாவிட்டால் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். அம்மா அதைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டிவிட்டு, மோட்டலில் அறை சுத்தம் செய்யும் சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்துவிட்டாள்.

“ஜூன் வரைக்கும் பாக்கறேன் மெல். அப்பவும் நாறினா குடுத்துடுவேன். அதர்ட்டன் மலையில ஒருத்தர் நாய் வேணும்னு கேட்டுட்டே இருக்கார். அங்க குளிரு. பனியில இருக்க வேண்டிய நாய்க்கு இந்தச் சாக்கடை ஊரைவிட அது மேல். உங்கண்ணன் கேட்டா, நான்தான் குடுத்தேன்னு எழுது.”

அண்ணா, ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. “நாய் நாறல, உன் மூக்குதான் ப்ளீச்சுல செத்துப்போச்சு” என்று நீ அம்மாவைச் சொல்லியிருக்க வேண்டாம். அதை அவள் இன்னும் மறக்கவில்லை. பாத்திரம் கழுவும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள்.

ஆனால் நீ கவலைப்படாதே. பள்ளி நூலகத்தில் அடர்மயிர் நாய்களைப் பற்றி ஒரு கெட்டி அட்டைப் புத்தகம் எடுத்திருக்கிறேன். படங்களில் எல்லா நாய்களும் பனியில் நிற்கின்றன. எஸ்கியின் சமோயெட் ஜாதிக்குச் சொந்தமாக வாடை என்று ஏறக்குறைய ஒன்றுமே இல்லையாம். வாடை வந்தால் வளர்க்கிறவரின் அலட்சியமே காரணம் என்று எழுதியிருக்கிறது. இப்போது வளர்ப்பது நான். அதனால் ஒழுங்காகக் குளிப்பாட்ட ஆரம்பித்துவிட்டேன். உள்மயிர் வசந்தத்தில், மே மாத வாக்கில்தான் கழன்று வருமாம். அதற்கு முன் ஆழமாகச் சீவினால் மயிர் கெடும் என்பதால் மே வரைக்கும் காத்திருக்கிறேன்.

உன் அன்புத் தங்கை,
இமெல்டா


வளைகுடா
14 ஏப்ரல்

மெல்,

உன் கடிதம் டீசல் பீப்பாய்களோடு வந்தது. பாதி ஈரம். ஆனாலும் படிக்க முடிந்தது.

மேலே ஒரு குட்டி விமானம் சுற்றிக்கொண்டே இருக்கும். இறால் கூட்டம் எங்கே என்று அது சொன்னதும் எல்லாப் படகுகளும் விழுந்தடித்து ஓடும். வலையைப் போடு, தூக்கு, பிரி, பெட்டியில் அடுக்கு, மறுபடி போடு. இறாலின் முள் குத்திக் குத்தி விரல்கள் வாழைக்காய் போல இருக்கின்றன. கையெழுத்து கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம். நாற்றத்தைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. பேச ஆரம்பித்தால் எல்லாரும் கடலில் குதிக்கவேண்டியதுதான்.

அடிக்கடி குளிப்பாட்டாதே. குளிப்பாட்டுவது பெரிதில்லை, காய வைப்பதுதான் பெரிது. மேலே தடவிப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நினைப்பாய். விரலைத் தோல் வரைக்கும் விடு. சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். யாராவது மழித்துவிடலாம் என்று சொன்னால் விடாதே. அந்த மேல்மயிர் போனால் பழையபடி முளைக்கும் என்று நிச்சயமில்லை. அதுதான் அவளுக்குக் குடை.

என் அறையிலேயே படுக்கட்டும். கட்டில் பக்கத்துக் கம்பளம் அவளுக்குப் பழக்கம்.

அம்மாவைப் பற்றி நீ எழுதவேண்டாம். நான் கேட்கவும் இல்லை.

ருபென்

ஈஸ்டருக்குச் சீஸ் அடைத்த பாஸ்டிட்சி செய்தாளா?


பபிண்டா
28 ஏப்ரல்

அன்புள்ள அண்ணா,

செய்யவில்லை. மாவு பிசையக் கையில் தெம்பில்லை என்றாள். ரொட்டியும் டப்பா மீனும் சாப்பிட்டோம். (நீ கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும்.)

உன் கடிதம் தாமதமாக வந்தது. அதற்குள் நான் ஒரு பெரிய தவறு செய்துவிட்டேன். ஒருநாள் விட்டு ஒருநாள் எஸ்கியைக் குளிப்பாட்டினேன். துண்டால் துடைத்தேன். மழை விடவே இல்லை, வெயிலே இல்லை. ஆனாலும் மேலே மயிர் பஞ்சுபோல நின்றதால் காய்ந்துவிட்டது என்று நம்பினேன். வீட்டில் நாற்றம் குறையவில்லை. சொல்லப்போனால் அதிகமாயிற்று. நான் இன்னும் நன்றாகச் செய்யவேண்டும் என்று நினைத்து மேலும் குளிப்பாட்டினேன்.

போர்வீரர்களை நினைக்கும் அன்ஸாக் நாள் விடுமுறையில் அவள் காதுக்குப் பின்னால் தொட்டபோது கையில் மயிர் தட்டுப்படவில்லை. தொப்பித் துணி மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. உதிர்ந்த உள்மயிர் எல்லாம் வெளியே வராமல், தண்ணீர்பட்டு இறுகி, சடையாகத் தோலோடு ஒட்டிப் படிந்திருந்தது. தொடைக்குப் பின்னாலும் அப்படித்தான். தொட்டால் முனகினாள். அடியில் சிவந்து புண்.

மே மாதத்துக்கு இன்னும் சில நாள் இருக்கிறதே, அதற்குள் எப்படிக் கழன்றது என்று புத்தகத்தைப் புரட்டினேன். அப்போதுதான் முதல் பக்கத்தைப் பார்த்தேன். இங்கிலாந்தில் அச்சடித்தது. அவர்களுக்கு மே மாதம் வசந்தம். பூமியின் தென்பாதியில் இருக்கும் நமக்கு அது குளிர்காலத்தின் வாசல். அதுவும் இந்த ஊரில் எஸ்கிக்கு எல்லா மாதமும் கோடைதான். புவியியலில் வகுப்பில் முதலாவதாக வந்தவள் நான் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பிப்ரவரியிலேயே தேன்சிட்டு ஒன்று நம் வேலிக் கம்பியிலிருந்து எஸ்கியின் வெள்ளை மயிரைக் கொத்திக்கொண்டு போய் வராந்தா விளக்குக் கயிற்றில் கூடு கட்டியது. அதைப் பார்த்து ரசித்தேன், நோட்டில் படம்கூட வரைந்தேன். நாய்க்கு மயிர் உதிர்கிறது என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அச்சில் இருந்ததைத்தான் நம்பினேன்.

நான் அழுதுகொண்டே கத்தரிக்கோல் தேடினேன். அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்தாள்.

“குடு இங்க. நீ வெட்டினா தோலையும் சேத்து வெட்டுவ.”

“அம்மா, நீ படுத்துக்கோ. உனக்கு முதுகு வலி.”

“முதுகு எங்கயும் ஓடிடாது. அது தலையைப் பிடி.”

சடைக்கும் தோலுக்கும் நடுவில் சீப்பைக் கொடுத்து, சீப்புக்கு மேலே மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினாள். சோளமாவு தூவிச் சிக்கை விரலால் பிரித்தாள். எனக்கு ஜடை பின்னிவிட்ட காலத்தில்கூட இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை. அவள் கை எஸ்கியின் முதுகில் இருக்கும்போதே கண் சொருகிச் சொருகிப் போனது.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிளாரி மாமா எட்டிப் பார்த்தார். அவர் ஓட்டும் கரும்பு ஆலை ரயில் இன்னும் ஓடத் தொடங்கவில்லையே, அதனால் அவருக்குப் பொழுது போகவில்லை.

“என்ன புரொபசர், ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கறீங்களா?”

“காய வைக்க வழி தெரியல மாமா. வெயிலே வரல.”

“வெயில் வர்ற ஊருக்கு நீங்க குடிபோகணும். இரு, என்கிட்ட ஒண்ணு இருக்கு.”

அவர் கொண்டுவந்தது சருகு ஊதும் மெஷின்! எஸ்கியின் காதில் பஞ்சு வைத்து, மெஷினைத் தூரத்தில் மெதுவாக ஓடவிட்டுப் பழக்கினோம். பிறகு நான் வகிடு எடுக்க எடுக்க அவர் ஊதினார். ஒரு வகிடு, தோல் தெரியும்வரை காற்று, சீப்பு, அடுத்த வகிடு. தலையிலிருந்து வால் வரைக்கும் அப்படியே. முற்றம் முழுக்க வெள்ளையாகப் பறந்தது. “பபிண்டாவுல பனி!” என்று கிளாரி மாமா தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். அம்மா சிரித்தாள், அண்ணா. சத்தமில்லாமல்தான்.

புண் ஆறிக்கொண்டு வருகிறது. நேற்று அவள் கழுத்து மயிரை விலக்கி மூக்கை உள்ளேயே வைத்துப் பார்த்தேன். சூடான தலையணை மாதிரி இருந்தது. வேறு வாடை எதுவுமே இல்லை.

ஆனால் வீட்டுக்குள் வந்தால் நாற்றம் அப்படியே இருக்கிறது. அதுதான் புரியவில்லை.

இமெல்டா


வளைகுடா
8 மே

மெல்,

வலதுகையில் முள் ஏறிச் சீழ் பிடித்துவிட்டது. இடதுகையால் எழுதுகிறேன். சின்னக் கடிதம்தான்.

நன்றாகச் செய்திருக்கிறாய். என்னாலும் அவ்வளவு செய்திருக்க முடியாது.

ஆனால் யோசித்துப் பார்த்தேன். நீ பள்ளிக்கூடம் போகிறாய். அம்மா முதுகோடு போராடுகிறாள். நான் இங்கே கிடக்கிறேன். சுரங்க வேலையை விட்டுப் போகிறவன் நாயைக் கட்டிப்போட்டுவிட்டுப் போவதைப் பார்க்க முடியாமல் வாங்கி வந்தேன். அப்போது யோசிக்கவில்லை. அவன் செய்ததைத்தான் இப்போது நானும் செய்திருக்கிறேன். அந்த அதர்ட்டன் ஆளுக்கே கொடுத்துவிடச் சொல். சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

ருபென்


பபிண்டா
20 மே

ருபென் அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துக் கோபம் வந்தது. கை வலிக்கும்போது எழுதியது என்பதால் மன்னிக்கிறேன். கை எப்படி இருக்கிறது?

நான் ஒரு சோதனை செய்தேன். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதெல்லாம் அப்படியே இருக்கவேண்டும் என்று அறிவியல் வகுப்பில் சொல்வார்களே, அதேபோல. வெள்ளிக்கிழமை மாலை எஸ்கியையும் அவள் கம்பளத்தையும் தட்டையும் கிளாரி மாமாவின் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். வீட்டைப் பெருக்கினேன். ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியெல்லாம் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வந்து, கதவைத் திறந்ததும் முகர்ந்தேன்.

அதே ஈர நாய் வாடை. நாய் இல்லாமலே.

முழங்காலில் தவழ்ந்து அறை அறையாக முகர்ந்துகொண்டு போனேன். யாராவது பார்த்திருந்தால் என்னைத்தான் கட்டிப்போட்டிருப்பார்கள். உன் அறையில்தான் அதிகம். உன் கட்டில் தலைமாட்டில், எஸ்கி தலையை விட்டுக்கொண்டு கிடப்பாளே, அந்த மூலையில். கார்ப்பெட் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். அடியில் இருக்கும் சணல் மெத்தை கறுத்துச் சொதசொதவென்று இருந்தது. ஒரு சின்னக் காளான்கூட முளைத்திருந்தது. அலமாரிக்குப் பின்னால் கூரையிலிருந்து தரை வரைக்கும் சுவரில் தண்ணீர் இறங்கிய தடம். ஈரச் சணல் அப்படியே ஈர நாய் மாதிரி நாறும் என்று எனக்குத் தெரியாது. எந்தப் புத்தகத்திலும் இல்லை.

எவ்வளவு சந்தோஷமாக ஓடினேன் தெரியுமா! அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“அம்மா, எஸ்கி இல்ல! கூரைதான் ஒழுகுது! அண்ணன் ரூம்ல—”

“தெரியும் மெல்.”

“எப்போ தெரியும்?”

“போன மழைக்கே. அலமாரியை நகத்தினப்போ.”

எனக்கு முதலில் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது.

“அப்ப ஏன் மிசஸ் ஹான்ரஹன்கிட்ட நாய்னு சொன்ன? சொன்னா சரி பண்ணியிருப்பாங்கல்ல?”

“ஆலைக்குப் பின்தெருவுல ஷெரில் சொன்னா, கூரை ஒழுகுதுன்னு. சரி பண்ணினாங்க. அவளை அனுப்பிட்டுச் சரி பண்ணினாங்க. இப்ப பிள்ளைங்களோட தங்கச்சி வீட்டுக் கார் ஷெட்டுல கெடக்கறா.” அம்மா ஒரு தலையணை உறையை உதறிக் கொடியில் போட்டாள். “நாயைச் சொன்னா நாய் போகும். கூரையைச் சொன்னா நாம போவோம். எது போகட்டும், நீயே சொல்லு.”

“அப்போ ஏன் என்னைக் குளிப்பாட்ட விட்ட? அவளுக்குப் புண்ணே வந்துடுச்சு!”

அவள் அடுத்த உறையை எடுத்து உதறினாள். “நாத்தம் கொஞ்சமாவது அடங்கும்னு நெனச்சேன். நீ ஏதாவது பண்ணிட்டே இருக்கறதைப் பாக்க நல்லா இருந்துது. என்னாலதான் ஒண்ணும் பண்ண முடியல” என்றாள்.

அண்ணா, எஸ்கி ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் அவள்தான் போகப்போகிறாள். சோதனை வரும்போது நான் உண்மையைச் சொல்லவா, வேண்டாமா? தயவுசெய்து சீக்கிரம் எழுது. இதற்கு நூலகத்தில் புத்தகம் இல்லை.

இமெல்டா


வளைகுடா
2 ஜூன்

மெல்,

கை ஆறிவிட்டது. இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன்.

முதலில் வந்தது கோபம்தான். என்னோடு சண்டை போட்டபோதே அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே என் நாயைச் சொன்னாள். நானும் அந்த மூலையில் தலையை வைத்துத் தூங்கியவன்தான். எஸ்கி என்றே நினைத்தேன். நாறவில்லை என்று அம்மாவிடம் கத்தியது, நாறியது தெரிந்துதான். அவள் மூக்கைப் பழித்தேனே, என் மூக்கு என்ன கிழித்தது?

பிறகு வலை இழுத்துக்கொண்டே அந்த ஊரில் காலியாக இருக்கும் வீடுகளை எண்ணிப் பார்த்தேன். எண்ண ஒன்றுமில்லை. அப்பா நம்மை விட்டுப் போன வருடம் நாம் வீடு தேடி அலைந்தது உனக்கு நினைவிருக்காது. நீ பின்சீட்டில் படித்துக்கொண்டிருந்தாய். எத்தனையோ இரவு காரிலேயே படுத்தோம். நாம் முகாம் போட்டு விளையாடுகிறோம் என்று அம்மா உன்னிடம் சொன்னாள்.

அவள் சொல்வது சரி. எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் சரி. சோதனையின்போது வாயைத் திறக்காதே. எஸ்கியைக் கொடுத்துவிடுங்கள். அந்த ஆளிடம் வகிடு எடுத்துச் சீவுவது எப்படி என்று நீயே செய்து காட்டிவிட்டு வா. மழிக்கக் கூடாது என்று சொல். காதில் பஞ்சு வைக்கச் சொல்.

அதை எனக்கு விவரமாக எழுதாதே.

ருபென்


பபிண்டா
23 ஜூன்

அன்புள்ள அண்ணா,

நீ சொன்னபடியே நான் வாயைத் திறக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அதர்ட்டன்காரர் சனிக்கிழமை வருவதாக இருந்தது. சோதனை வியாழக்கிழமை. எஸ்கியைக் கிளாரி மாமா முற்றத்தில் கட்டியிருந்தோம். ஆலை அரவை தொடங்கிவிட்டது. ஊரெல்லாம் வெல்லப்பாகு மணக்கிறது. அது நம் வீட்டு வாடையையும் மூடிவிடும் என்று நான் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தேன்.

மிசஸ் ஹான்ரஹன் கறுப்புப் பாவாடையும் பலகையில் செருகிய தாள்களுமாக வந்தார். நேராக உன் அறைக்குப் போனார்.

“நாயை அனுப்பியாச்சு போல. நல்லது. ஆனா வாடை அப்படியே இருக்கே கோனி?”

“போயிடும்,” என்றாள் அம்மா. “ஜன்னல் தொறந்துதான் இருக்கு.”

“ஜன்னல் தொறந்தா போற வாடை இல்ல இது. கார்ப்பெட்டையே மாத்தணும். நாய் பண்ண சேதம்னு எழுதிக்கறேன். உங்க முன்பணத்துல பிடிச்சுக்குவாங்க.”

அம்மா அதற்கும் தலையாட்டினாள். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன். முடிந்துவிட்டது, அவர் கிளம்பிவிட்டார். வாசல் வரைக்கும் போனவர், பேச்சுக்குச் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“நீங்க மோட்டல்ல ரூம் சுத்தம் பண்றவங்கதானே? அங்கயும் இப்படித்தான் விட்டு வைப்பீங்களா?”

அம்மா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக் கட்டில்மேல் வைத்தாள். பிறகு அதே கட்டிலை ஒரே இழுப்பில் சுவரைவிட்டு நகர்த்தினாள். முதுகு வலிக்காரி, அண்ணா! கார்ப்பெட்டை மூலையோடு பிடித்து உரித்தாள்.

“மிசஸ் ஹான்ரஹன், இங்க வந்து கொஞ்சம் குனிஞ்சு முகருங்க.”

“அதெல்லாம் வேண்டாம் கோனி, நான்—”

“முகருங்க. நான் தெனமும் முன்னபின்ன தெரியாத ஆளுங்க நாத்தத்தையெல்லாம் குனிஞ்சு தொடைக்கறேன். நீங்க ஒரு தரம் குனியலாம். இது எந்த ஜாதி நாய்னு சொல்லுங்க.”

அவர் குனியவில்லை. ஆனால் பார்த்தார். சுவரையும் பார்த்தார்.

“மெல், போய் எஸ்கியைக் கூட்டிட்டு வா.”

நான் ஓடினேன். கிளாரி மாமா வேலியில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சங்கிலியைத் தயாராக அவிழ்த்து வைத்திருந்தார். எஸ்கி உள்ளே வந்ததும் அம்மா அவள் கழுத்தில் வகிடு எடுத்துத் தோலைக் காட்டினாள். ரோஜா நிறத்தில் சுத்தமாக இருந்தது. “இதையும் முகருங்க. என் பொண்ணு சீவின நாய் இது.”

மிசஸ் ஹான்ரஹன் எதையும் முகரவில்லை. எஸ்கிதான் அவர் முழங்காலை நன்றாக முகர்ந்துவிட்டு, பிடித்துப்போய், உடம்பு முழுவதையும் சாய்த்துக்கொண்டு நின்றாள். அவர் காரில் ஏறும்போது கறுப்புப் பாவாடையில் ஒரு பக்கம் முழுக்க வெள்ளை.

கார் போனபின் அம்மா உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மடித்து வைத்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“தப்புப் பண்ணிட்டேன்டி மெல். ஒரு நிமிஷம் பொறுத்திருக்கணும். போயிட்டுத்தான இருந்தா.”

நான் கார்ப்பெட் மூலையைத் திரும்பப் போட்டு மூடினேன். தப்பு என்றும் சொல்ல முடியவில்லை, சரி என்றும் சொல்ல முடியவில்லை.

நேற்று கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். வீட்டுக்காரர் பழுது பார்க்கப் போகிறாராம். ஜூலை கடைசிக்குள் காலி செய்யவேண்டும். பழைய கடிதம் இருந்த இடத்திலேயே அதே காந்தத்தில் அது தொங்குகிறது. அம்மா அதர்ட்டன்காரருக்குப் போன் செய்து, “நாய் குடுக்கறதா இல்ல, மன்னிச்சுக்கங்க” என்றாள். காரணம் சொல்லவில்லை.

அவள் இரவுச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. எஸ்கிதான் பக்கத்தில் இருக்கிறாள்.

இமெல்டா


கரும்பா துறை
1 ஜூலை

மெல்,

இறால் காலம் முடிந்து படகு கரைக்கு வந்துவிட்டது. அடுத்த காலம் ஆகஸ்டில். அதுவரைக்கும் வலை தைக்கும் வேலை இருக்கிறது, ஆனால் கட்டாயமில்லை.

உன் கடிதத்தைக் கப்பல் துறையில் நின்று படித்தேன். பக்கத்தில் இருந்தவன், “எவனாவது செத்துட்டானா?” என்று கேட்டான். இல்லை, எங்கம்மா கட்டிலை நகர்த்தினாள் என்றேன்.

மூட்டை தூக்க ஆள் வேண்டுமா என்று அம்மாவிடம் கேள். நான் கேட்டதாகச் சொல்லாதே. இல்லை, நான் கேட்டதாகவே சொல். அந்த மூக்கு விஷயத்தையும்... அதை நானே நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

எங்கே போகிறீர்கள் என்று எழுது. எந்த ஊர் பஸ்ஸில் ஏறுவது என்று தெரியவேண்டும்.

ருபென்


மிரிவின்னி
14 ஜூலை

அன்புள்ள ருபென் அண்ணா,

மேலே ஊர்ப்பெயரைப் பார்த்திருப்பாய். வேறு வீடு கிடைக்கவில்லை. கேட்ட இடத்திலெல்லாம், “எந்த வீட்டுல இருந்து வர்றீங்க?” என்று கேட்டுவிட்டுப் பிறகு கூப்பிடுவதாகச் சொன்னார்கள். கூப்பிடவில்லை. கடைசியில் கிளாரி மாமா தெரிந்தவர் மூலம் இங்கே, வண்டியிலேயே குடியிருக்கும் கேரவன் பூங்காவில், ஒரு வண்டி பிடித்துக் கொடுத்தார். நாய் வைத்துக்கொள்ளலாம். கட்டணக் குளியலறை, பொதுச் சலவையறை. மூட்டைகளைக் கிளாரி மாமாவே வேனில் கொண்டுவந்து இறக்கினார். சருகு ஊதும் மெஷினையும் விட்டுவிட்டுப் போனார். “புரொபசர், இது கடன். பனி பெய்யணும்னா என்னையும் கூப்பிடணும்” என்றார்.

வண்டி மிகவும் சின்னது. நான் மேசையை மடித்தால்தான் அம்மா கட்டிலை விரிக்க முடியும். எஸ்கி திரும்ப வேண்டுமானால் நாங்கள் இருவரும் வெளியே போய் நிற்கவேண்டும். வெண்ணெயில் மயிர், என் வரலாற்று நோட்டில் மயிர், அம்மாவின் சீருடையில் மயிர். தினமும் பள்ளி விட்டு வந்து சலவையறைக் கூரைக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் வகிடு எடுத்துச் சீவுகிறேன், மறுநாள் மறுபக்கம். இவ்வளவுதான் என் கையால் முடிகிறது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுப்பதற்கு முன் மே என்று இருந்த இடத்தில் பென்சிலால் ‘இங்கே அல்ல’ என்று எழுதினேன். நூலகப் புத்தகத்தில் எழுதியது இதுதான் முதல் தடவை.

நீ கேட்டதை அம்மாவிடம் கேட்டேன். நீ கேட்டதாகவே சொன்னேன். அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“வரச் சொல்லு. கட்டில் கெடையாது, நாயோடதான் படுக்கணும். இறால் நாத்தத்தோட வந்தா எஸ்கி ஷாம்பூ போட்டு வெளியவே கழுவி, கிளாரி மெஷினால ஊதித்தான் உள்ள விடுவேன்னு எழுது.”

கொஞ்ச நேரம் கழித்து, “வர்றப்ப மாவு வாங்கிட்டு வரச் சொல்லு” என்றாள். பாஸ்டிட்சி செய்வாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

நேற்று மழை கொட்டியது. எஸ்கியை எவ்வளவு ஊதியும் அடிவயிறு முழுதாகக் காயவில்லை. கதவையும் ஜன்னலையும் சாத்தவேண்டியதாயிற்று. அம்மா வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்தாள். எஸ்கி ஏறி அவள் காலடியில் சுருண்டாள். நான் விளக்கைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி முழுக்க ஈர நாய் வாடை அடித்தது. யாருக்கும் சந்தேகமே வராது.

அம்மா கண்ணை மூடியபடியே மூச்சை இழுத்தாள்.

“நாய் நாத்தம்,” என்றாள்.

நான் எழுந்து ஜன்னலைத் திறக்கப் போனேன்.

“விடு மெல். மழை உள்ள வரும்.” கூரையில் மழை சடசடத்தது. ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. அவள் இன்னொரு முறை முகர்ந்து பார்த்தாள். “வெறும் நாய்தான்” என்றாள், பாதித் தூக்கத்தில்.

நான் அவள் செருப்பைக் கழற்றிவிட்டேன். அவள் விழிக்கவில்லை.

இன்னிஸ்ஃபெயில் பஸ்ஸில் ஏறு. பூங்கா வாசலிலேயே நிற்கும். எஸ்கியோடு காத்திருப்பேன்.

இமெல்டா